96 கதை, 180 ஆள்: விக்னெட் ஆய்வை எப்படிக் கட்டுவது?

பிப்ரவரி 3, மாலை. மொரீஷியஸ், காத்ர் போர்ன் வாசகியின் கேள்வி

அக்கா, இது என் முதுகலை ஆய்வு. மேலதிகாரி ஒருவரைக் கடிந்துகொள்வதை மற்ற ஊழியர்கள் எப்போது நியாயம் என்று நினைக்கிறார்கள்? ஓட்டல் ஆட்களிடமும் எபென் கால்சென்டர் ஆட்களிடமும் சின்னச் சின்னக் கதை (இதைத்தான் விக்னெட் என்கிறார்கள்) கொடுத்து மதிப்பெண் கேட்கப் போகிறேன். கதையில் மாறுவது ஐந்து. மேனேஜர் ஆணா பெண்ணா. பேச்சு சாந்தமா கடுமையா. தனியாகவா எல்லார் முன்னாலா. தவறு சின்னதா, நடுத்தரமா, பெரியதா. மேனேஜரின் பெயர் நான்கு சமூகத்தில் எது. பெருக்கினால் 96 கதை, எல்லாம் எழுதிவிட்டேன். ஆள் 180 பேர் கிடைப்பார்கள். ஆளுக்கு 8 கதை கொடுத்தால் 1440 பதில், தாராளம் என்கிறார் என் நண்பர். வழிகாட்டும் பேராசிரியரோ மொத்தமே 2 கதை போதும், ஆளுக்கு ஒன்று என்கிறார். யார் சொல்வது சரி?

பிப்ரவரி 3, இரவு

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி.

பேராசிரியர் மனதில் இருப்பது மாஸ்-ராகுசின் குழு 2012-ல் வெளியிட்டது போன்ற ஆய்வாக இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழக அறிவியல் ஆசிரியர்கள் 127 பேர். ஆய்வகப் பொறுப்பாளர் வேலைக்கு வந்த ஒரே விண்ணப்பத்தைச் சிலருக்கு ஜான் என்ற பெயரில் கொடுத்தார்கள், சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஆண்டுச் சம்பளம் எவ்வளவு தரலாம் என்று கேட்டால் ஜானுக்குச் சராசரி 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508. மாறியது பெயர் மட்டும். அதனால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சண்டை போட முடியாது.

உன் நண்பர் மனதில் இருப்பது வேறு பரம்பரை. பீட்டர் ராஸி 1951-ல் கொலம்பியாவில் முனைவர் ஆய்வு செய்தபோதே தொடங்கிய வழி அது. பல காரணிகளைக் கலந்து போட்டு, ஒருவரிடமே பல கதைகளுக்கு மதிப்பெண் வாங்கி, எந்தக் காரணிக்கு அவர் எவ்வளவு எடை கொடுக்கிறார் என்று பின்னால் பிரித்தெடுப்பார்கள். 1977-ல் யாஸோவும் ராஸியும் இதே முறையில்தான், யாருக்கு எவ்வளவு சம்பளம் நியாயம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பதைப் பார்த்தார்கள்.

உன் கேள்வியில் இந்த இரண்டும் ஒரே பையில் கிடக்கின்றன. கடுமை, இடம், தவறின் அளவு மூன்றும் ராஸி வகை. ஆண்/பெண்ணும் பெயரும் ஜான்-ஜெனிஃபர் வகை. முதலில் அவற்றைப் பிரி. 96 கதையையும் அச்சுக்கு அனுப்பாதே.

பிப்ரவரி 4, காலை

பெயர் விஷயத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

மொரீஷியஸில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் நாம் என்னென்ன கணக்குப் போடுகிறோம்? குடும்பப் பெயர் பிள்ளை என்று இருந்தால் தமிழர். முன்பெயர் கத்தோலிக்கப் பெயராக இருந்தால், தாத்தா காலத்தில் மதம் மாறிய குடும்பம். எந்த ஊர், எந்தப் பள்ளி, வீட்டில் கிரியோலா பிரெஞ்சா, யாருக்கு ஓட்டு, தம்பி எந்த அமைச்சகத்தில் இருக்கிறான் என்பது வரை போய்விடுவோம். சரியாகத்தான் ஊகிக்கிறோம் என்று சொல்லவில்லை. ஊகிக்காமல் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது உன் கதைக்கு வா. மேனேஜரின் பெயரை மாற்றினால் 'சமூகம்' என்ற ஒரு திருகு மட்டும் திரும்பியதாக நீ நினைக்கிறாய். படிப்பவர் தலையில் படிப்பு, வசதி, அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்ற சந்தேகம் எல்லாம் சேர்ந்து திரும்புகிறது. டஃபோ, ஜாங், காகி மூவரும் 2018-ல் இதைத்தான் தெளிவாக எழுதினார்கள்: இரண்டு கதைகள் நீ மாற்றிய ஒன்றில் மட்டுமே வேறுபட வேண்டும், வாசகர் மனதில் மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும். காகிதத்தில் சமமாக இருப்பது போதாது.

மருந்து உண்டு, பாதி மருந்து. வாசகர் எதை ஊகிப்பாரோ அதை நீயே எழுதிவிடு. 'பத்து வருடம் இதே ஓட்டலில் வேலை பார்த்து, உள்தேர்வில் மேனேஜர் ஆனவர்' என்று ஒரு வரி போட்டால் 'எப்படி வந்தார்' என்ற சந்தேகம் ஓரளவு அடங்கும். ஆனால் அடைக்க அடைக்கக் கதை நீளும், நீள நீளப் படிக்க மாட்டார்கள்.

அப்புறம் சட்டம். 2008-ஆம் ஆண்டின் சம வாய்ப்புச் சட்டம் வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பட்டியலில் இனமும் மதமும் மட்டுமில்லை, சாதியும் இருக்கிறது. ஆகவே தலைப்பு நியாயமானது, ஆராய வேண்டியதுதான். ஆனால் பதில் சொல்பவரின் சமூகத்தையும் நீ கேட்டாக வேண்டும், இல்லையென்றால் 'நம்ம ஆள்' விளைவைப் பார்க்கவே முடியாது. 2017-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது தனிக் கவனம் தேவைப்படும் தகவல். நெறிமுறைக் குழு அங்கேதான் பேனாவை வைப்பார்கள்.

பிப்ரவரி 4, பிற்பகல்

வாக்குவாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: 'நான்கு சமூகம் என்றால் அதில் தமிழன் எங்கே?'

ஐயா, அரசியல் சாசனத்தைக் கேளுங்கள். இந்து, முஸ்லிம், சீனர், மீதி எல்லாரும் பொதுமக்கள். நாம் முதல் பெட்டியில். மக்கள்தொகைக் கணக்கில் சமூகத்தைக் கடைசியாகக் கேட்டது 1972-ல். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் இன்னும் நாடாளுமன்றத்தில் 'தோற்றவர்களில் சிறந்தவர்' இடங்களை (தேர்தலில் தோற்றவர்களுக்குச் சமூகம் பார்த்துத் தரும் கூடுதல் இடங்கள்) பிரிக்கிறார்கள். ஒரு தேநீருக்கு நடுவே முடியாத பேச்சு இது, இங்கே வேண்டாம். ஆய்வுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன்: சாசனத்தின் நான்கு பெட்டியும் ஓட்டல் சமையலறையில் ஆட்கள் ஒருவரையொருவர் பிரித்துப் பார்க்கும் பெட்டிகளும் ஒன்றில்லை. கேள்வி கேட்ட தங்கச்சி எடுத்த நான்கும் சாசனத்திலிருந்து வந்தவை. சமையலறையில் போய் நின்று கேட்டிருந்தால் வேறு பட்டியல் வந்திருக்கும்.

பிப்ரவரி 6

கணக்கு. இது பிடிக்காதவர்கள் 10-ஆம் தேதிக் குறிப்புக்குத் தாவலாம்.

180 பேர், ஆளுக்கு 8 கதை, 1440 மதிப்பெண். சிலர் எதற்கும் கூடுதலாகப் போடுவார்கள், சிலர் கை இறுக்கம். மதிப்பெண்களின் மொத்த வேறுபாட்டில் 30 சதவீதம் இப்படி ஆளுக்கு ஆள் வருவது என்று வைத்துக்கொள்வோம் (என் அனுபவத்தில் இது நடுத்தரம்). 5 சதவீதத் தவறு வரம்பு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருப்பதைப் பிடிக்கும் வாய்ப்பு), வழக்கமான அளவுகள்தான்.

கடுமை, இடம் போன்றவை ஒரே ஆளுக்குள் மாறுபவை. ஒருவர் நான்கு கடுமையான கதையும் நான்கு சாந்தமான கதையும் படிக்கிறார், தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறார். கை இறுக்கம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துபோகும். இங்கே ஏறக்குறைய 0.12 திட்டவிலக்க வித்தியாசத்தைக்கூட நீ பிடித்துவிடலாம் (திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு; கீழே வரும் எண்களும் அதில்தான்). (கடுமையின் விளைவு ஆளுக்கு ஆள் ரொம்ப மாறினால் இது கொஞ்சம் கூடும்.)

மேனேஜரின் பாலினத்தை ஆளுக்கு ஆள் மாற்றினால், 90 பேருக்குப் பெண், 90 பேருக்கு ஆண். 8 கதையின் சராசரியை எடுத்தாலும் 0.26-க்குக் கீழே எட்டாது. பேராசிரியர் சொன்னபடி ஆளுக்கு ஒரே கதை என்றால் 0.42. ஆகவே 8 கதை உதவுகிறது, ஆனால் எட்டு மடங்கு உதவவில்லை.

நான்கு பெயர் என்றால் பெயருக்கு 45 பேர். எந்த இரண்டு பெயரை ஒப்பிட்டாலும் 0.37. அதோடு ஆறு ஜோடி ஒப்பீடு, அதற்குத் திருத்தம் போட்டால் இன்னும் மோசம். இவ்வளவு பெரிய விளைவு வெறும் பெயரால் வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வந்தாலும் பிப்ரவரி 4-ல் சொன்ன சிக்கல் அப்படியே நிற்கும், எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

என் தீர்ப்பு: பெயரைத் தூக்கு. அதை மட்டும் வைத்து இன்னொரு ஆய்வு செய்யலாம்.

பிப்ரவரி 7

கியூர்பைப்பிலிருந்து புள்ளியியல் படித்த ஒரு தம்பி: '1440-ஐ 3.1-ஆல் வகுத்து 464 என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் போதுமே, ஏன் இத்தனை சுற்று?'

எல்லாவற்றுக்கும் போதாது தம்பி. அந்த 3.1, அதாவது 1 + 7 × 0.3 (7 என்பது 8 கதையில் ஒன்று குறைய, 0.3 என்பது நேற்றுச் சொன்ன 30 சதவீதம்), ஆளுக்கு ஆள் மாறும் காரணிக்குத்தான் பொருந்தும். ஆளுக்குள் மாறும் காரணிக்கு அதே கொத்துத்தன்மை (ஒரே ஆளின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது) நமக்குச் சாதகம். இரண்டுக்கும் ஒரே வகுத்தலைப் போட்டால் கடுமையின் விளைவைப் பிடிக்கும் திறனைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டு, தேவையில்லாமல் ஆள் தேடி அலைவாய். ஆள் கொத்தைக் கண்டுகொள்ளாமல் 1440 தனி ஆள் மாதிரி ஓட்டினால் எதிர்ப் பக்கம் போகும், பாலினத்தில் இல்லாத வித்தியாசம் இருப்பதாகக் காட்டும். மல்ட்டிலெவல் மாடல் (ஆள் ஓர் அடுக்கு, அவர் போட்ட மதிப்பெண்கள் இன்னோர் அடுக்கு என்று பிரித்துப் பார்ப்பது) போட்டுவிட்டால் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 7, சற்றுப் பின்

பாலினத்தை ஏன் ஆளுக்குள் மாற்றக் கூடாது, அங்கேயும் 0.12 கிடைக்குமே என்று தங்கச்சி தனியாகக் கேட்டாள். கிடைக்கும். ஆனால் மூன்றாவது கதையில் 'ஓ, மிசியே, மாதாம் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தால் ஜனங்கள் அதன்படியே பதில் சொல்வார்கள் என்ற பயம் கொஞ்சம் மிகை. மம்மோலோவும் பீட்டர்சனும் 2019-ல் இணையக் கணிப்புகளில் கருதுகோளையே வெளிப்படையாகச் சொல்லிப் பார்த்தார்கள், பதில்கள் அவ்வளவாக அசையவில்லை. என் பயம் அதில்லை. பக்கத்து நாற்காலியில் உடன் வேலை செய்யும் பெண் உட்கார்ந்திருக்கும்போது, தான் ஆண் பெண் பார்ப்பவன் என்று தெரியக் கூடாது என்று ஒருவர் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிடுவார். அதற்கு ஆய்வாளரை மகிழ்விக்கும் எண்ணமே தேவையில்லை.

பிப்ரவரி 10

முன்னோட்டம் செய்தாயா என்று தங்கச்சியிடம் கேட்டேன். நண்பர்களிடம் கொடுத்தாளாம், எல்லாரும் 'நல்லா இருக்கு' என்றார்களாம். அதில் ஒன்றும் தெரியாது. கதையைப் படிக்கவிட்டு, காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'என்ன நடந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். எழுதாத எதை அவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று அங்கேதான் பிடிபடும்.

நான் வடக்கே கடற்கரைப் பக்கம் ஓட்டல் ஆட்களிடம் இப்படிக் கேட்டபோது நடந்தது. 'மேனேஜர் ஊழியரைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.' நான் எழுத நினைத்தது தனிமை, மரியாதை, மற்றவர் முன் மானம் போகாமல் காப்பது. ஹவுஸ்கீப்பிங் பெண்மணி ஒருவர் இந்தக் கதையைத் திரும்பச் சொன்னார்: 'பாவம் அந்தப் பொண்ணு, அந்த ஆளு கதவைச் சாத்திட்டான்.' ஊழியர் பெண் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அவர் எழுதிக்கொண்டார். அதே வாக்கியத்தை மேனேஜர் பெண் என்று மாற்றிக் கொடுத்தால் கதவு வெறும் கதவு.

இதைக் கவனிக்காமல் தரவு எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? 'ஆண் மேனேஜர் தனியாகக் கண்டித்தால் நியாயம் குறைவாகத் தெரிகிறது. பாலினமும் இடமும் ஊடாடுகின்றன (ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுகிறது)' என்று அழகான படம் போட்டிருப்பேன். அந்த ஊடாட்டம் நியாயத்தைப் பற்றியதே இல்லை, பயத்தைப் பற்றியது.

அறை, கதவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'வேலை நேரம் முடிந்ததும், மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில், சர்வீஸ் வாசல் பக்கம் நின்று' என்று வைத்தோம். திறந்த வெளி. ஊழியரின் பாலினத்தையும் எழுதிவிட்டோம், எல்லாக் கதையிலும் மேனேஜரின் பாலினமே. அது வேறு எல்லையைப் போடும் (எதிர்பால் ஊழியர் விஷயத்தில் ஒன்றும் சொல்ல முடியாது), ஆனால் என்ன அளக்கிறோம் என்றாவது தெரியும்.

பிப்ரவரி 12

ரோஸ் ஹில் வாசகர் ஒருவர், காவடி விரதத்துக்கு விடுப்பு கேட்கும் ஊழியரை வைத்து ஏன் கதை எழுதக் கூடாது என்கிறார். 'காவடிக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், தீபாவளிக்குக் கேட்டால் சரி என்கிறார்கள், இதை நிரூபியுங்கள்.'

நிரூபிக்கவா, பார்க்கவா என்று முதலில் முடிவு பண்ணுங்கள் அண்ணா.

பண்டிகைப் பெயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்தானே என்று தோன்றும். தைப்பூசக் காவடியும் தீபாவளியும் இங்கே பொது விடுமுறைதான், ஓட்டலுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. ஆனால் காவடி என்றால் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் என்று மேனேஜருக்குத் தெரியும். காவடி எடுத்த மறுநாள் அந்த ஆள் தட்டு தூக்குவாரா என்றும் கணக்குப் போடுவார். தீபாவளிக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே கதையில் 'ஒரு நாள் விடுப்பு, தன் இடத்துக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டார்' என்று இரண்டிலும் எழுதினால் ஓரளவு சமம். அப்படியும், காவடி மாதத்திலேயே இதைக் கேட்டால் நம்மவர்கள் கதைக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், தங்கள் சொந்த மேனேஜருக்குத்தான் சொல்வார்கள்.

விரதம் இருக்கும் சமையல்காரரை ஆட்டுக்கறிக் குழம்பை ருசி பார்க்கச் சொன்ன கதை ஒன்றும் அனுப்பியிருக்கிறார். நன்றாகச் சிரித்தேன். ஆய்வில் வைக்க முடியாது.

பிப்ரவரி 17

3-ஆம் தேதி எழுதியதை இப்போது கொஞ்சம் நகர்த்துகிறேன். ராஸி வகையில் பெரிய கதைக்கூட்டத்திலிருந்து ஆளுக்கொரு கட்டு எடுப்பதுதான் வழக்கம், நானும் அப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். பெயர் போய், பாலினம் ஆளுக்கு ஆள் என்று ஆனபின் மிச்சம் கடுமை 2, இடம் 2, தவறு 3, மொத்தம் 12. தவறில் 'நடுத்தரம்' எதற்கு? முன்னோட்டத்தில் அதைச் சிலர் சின்னது என்றார்கள், சிலர் பெரியது என்றார்கள். அதை எடுத்தால் 8. ஒருவரே எட்டையும் படித்துவிடலாம். கட்டு பிரிக்க வேண்டாம், எந்தக் கட்டில் எது மாட்டியது என்ற தலைவலி போயிற்று.

ஆனால் ஒரே கதையை எட்டு முறை, இரண்டு வார்த்தை மாற்றி மாற்றிப் படிக்கச் சொன்னால்? எந்த வார்த்தை மாறுகிறது என்று மட்டும் தேடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. 'கடுமையாகப் பேசினால் நியாயம் குறைகிறது' என்று நீ முடிவு எழுதும்போது, ரிசப்ஷனில் அறைச் சாவி மாறிப்போன அந்த ஒரு கதையைப் பற்றி மட்டுமே உனக்குத் தெரியும். வெல்ஸும் விண்ட்ஷிட்லும் 1999-ல் இதைச் சொன்னார்கள், ஜட், வெஸ்ட்ஃபால், கென்னி மூவரும் 2012-ல் கணக்கு வழி காட்டினார்கள்: ஆட்களை மாதிரி எடுப்பதுபோலச் சூழல்களையும் மாதிரி எடுக்க வேண்டும், மாடலில் சூழலையும் சீரற்ற காரணியாக (இருக்கக்கூடிய பலவற்றில் எடுத்த சில மாதிரிகளாக) வைக்க வேண்டும்.

ஆகவே எட்டுச் சூழல் எழுது. சாவி மாறியது, பில்லில் பிழை, விமான நிலைய வண்டி அனுப்ப மறந்தது, வாடிக்கையாளர் அழைப்பைத் துண்டித்தது, ஒவ்வாமைக் குறிப்பைச் சமையலறைக்குச் சொல்லாதது, இப்படி. ஒவ்வொரு சூழலையும் எட்டு நிலையிலும் எழுது. மொத்தம் 64. லத்தீன் சதுரம் போட்டு எட்டுப் பட்டியல்: ஒருவர் ஒவ்வொரு சூழலையும் ஒரு தரம், ஒவ்வொரு நிலையையும் ஒரு தரம் பார்ப்பார். இரண்டு பாலினம், ஆக 16 பட்டியல். 180 என்பதை 192 ஆக்கு, பட்டியலுக்குச் சரியாக 12 பேர்.

ஆமாம், 96 எழுதியவளை 64 எழுதச் சொல்கிறேன், பாலினத்தைச் சேர்த்தால் 128. திட்டாதே.

பிப்ரவரி 18

ஒவ்வாமைக் கதையை எடுத்துவிடு. அதில் 'சின்னத் தவறு' எழுத வழியே இல்லை. வேர்க்கடலையைச் சொல்ல மறந்தால் ஆளுக்கு உயிர் போகும், அதைச் சின்னது என்று எழுதினால் படிப்பவர் உன்னை நம்ப மாட்டார். படுக்கை விரிப்பு மாற்றாதது என்று ஏதாவது வை. எந்தச் சூழலும் எட்டு நிலையையும் தாங்க வேண்டும்.

பிப்ரவரி 22

மொழியும் இடமும்.

ஆங்கிலத்தில் கொடுத்தால் கால்சென்டருக்கு ஒத்துவரும், லாண்டரி ஆட்களுக்கு வராது. பிரெஞ்சு பலருக்குச் சௌகரியம். எல்லாரும் பேசுவது கிரியோல், ஆனால் அது பள்ளிக்கு விருப்பப் பாடமாக வந்ததே 2012-ல், ஆகவே நாற்பது வயதுக்காரர் அதில் சரளமாகப் படிப்பார் என்று எதிர்பார்க்காதே. நாங்கள் கடைசியில் கிரியோலில் ஒலிப்பதிவு செய்து போனில் கேட்க வைத்தோம். அதில் புதுச் சிக்கல்: படிக்கும் குரல் கோபப்பட்டால் கடுமை ஏறிவிடுகிறது. மேனேஜர் பேச்சை நடிக்காமல், ஒரே ஆள் எல்லாக் கதையையும் செய்தி வாசிப்பது மாதிரி சமமாக வாசிக்க வேண்டும். கிரியோலில் 'லி' என்றால் ஆணும் ஆகும் பெண்ணும் ஆகும், அதனால் கதையின் முதல் வரியிலேயே மிசியே, மாதாம் வர வேண்டும்.

முன்பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் கெவின், நதாஷா மாதிரி எல்லார் வீட்டிலும் இருக்கும் பெயராக எடு. எடுத்தபின் இருபது பேரிடம் 'இவர் யாராக இருப்பார்' என்று கேட்டுப் பார்.

அப்புறம், எங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள் என்பது. ஒரு ஓட்டலில் (பெயர் வேண்டாம்) ஊழியர் உணவறையில் இடம் கொடுத்தார்கள், நல்ல மனசு என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார், எல்லாரும் ஒழுங்காக எழுதுகிறார்களா என்று பார்க்கிறாராம். மேலதிகாரி கடிந்துகொள்வது நியாயமா என்பது கேள்வி! அன்று வந்த மதிப்பெண்களில் மேனேஜர்கள் எல்லாரும் தெய்வம். அந்தத் தரவை ஒதுக்கிவைத்துவிட்டு, பின்னால் சொந்த நேரத்தில், சொந்தப் போனில் பதில் வாங்கினோம்.

பிப்ரவரி 27

'இதெல்லாம் கதைதானே அக்கா, நிஜத்தில் அப்படி நடந்துகொள்வார்களா' என்று எபெனிலிருந்து ஒருவர். நியாயமான கேள்வி, இந்த முறையைப் பிடிக்காதவர்கள் எல்லாரும் முதலில் கேட்பதும் இதுதான்.

டெவா பேஜரும் லிங்கன் குவிலியனும் 2005-ல் வெளியிட்டதைச் சொல்கிறேன். மில்வாக்கியில் முதலில் நிஜமாகவே ஆட்களை வேலை கேட்டு அனுப்பினார்கள். சிறை சென்றுவந்ததாகச் சொன்ன விண்ணப்பதாரர்களில் வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களிலிருந்து திரும்ப அழைப்பு வந்தது, கறுப்பருக்கு 5 சதவீதம். பிறகு அதே முதலாளிகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அதே மாதிரி ஆளைக் கதையாகச் சொல்லி, எடுப்பீர்களா என்று கேட்டார்கள். 60 சதவீதத்துக்கு மேல் எடுப்போம் என்றார்கள், இரண்டு இனத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. தொலைபேசியில் எல்லாரும் உத்தமர்கள்.

எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் சில ஊராட்சிகளில் ஒரு காலத்தில் குடியுரிமை கேட்டவர்களை ஒவ்வொருவராக ஊர் மக்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். ஹைன்மியூலர், ஹங்கார்ட்னர், யாமமோட்டோ 2015-ல் அந்த நிஜ வாக்குகளோடு கணிப்புக் கதைகளை ஒப்பிட்டார்கள். இரண்டு ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்ன கான்ஜாயின்ட் வடிவம் நிஜத்துக்கு ரொம்ப அருகில் வந்தது. மாணவர்களை வைத்து எடுத்தது தூரம் போனது. (வகுப்பில் கிடைத்த பிள்ளைகளிடமே ஆய்வை முடித்துவிடும் நம் பழக்கத்துக்கு இது ஒரு குட்டு.)

உன் ஆய்வுக்கு என்ன? நீ கேட்பது ஒருவர் என்ன செய்வார் என்று இல்லை, எதை நியாயம் என்று மதிப்பிடுகிறார் என்று. மதிப்பீடு காகிதத்திலும் மதிப்பீடுதான். 'இந்த மேனேஜர் கீழ் வேலை செய்வீர்களா, ராஜினாமா செய்வீர்களா' என்ற கேள்வியைக் கடைசியில் சேர்த்திருக்கிறாய் பார், அதை எடு. கையில் காசில்லாமல் ராஜினாமா கடிதம் எழுதுவது கதையில் ரொம்ப சுலபம்.

மார்ச் 3

சரிபார்ப்புக் கேள்வி. ஒவ்வொரு கதைக்கும் பிறகு 'மேனேஜர் எவ்வளவு கடுமையாகப் பேசினார்' என்று கேட்கச் சொன்னாராம் பேராசிரியர். முதல் கதைக்குப் பிறகு அதைக் கேட்டால் மீதி ஏழு கதையிலும் கடுமையைத்தான் பார்ப்பார்கள். ஹவுசர் குழு 2018-ல் இதைத்தான் எச்சரித்தது: கேள்வி தானே ஒரு தூண்டுதலாகிவிடும். முன்னோட்டத்திலேயே வேறு ஆட்களிடம் 64-ஐயும் கடுமைக்கும் தவறின் அளவுக்கும் மதிப்பிடச் சொல்லி முடித்துவிடு. பெரிய ஆய்வில் வேண்டாம். பேராசிரியரிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதே, கட்டுரையைக் காட்டு.

அளவுகோல் 5 புள்ளி வேண்டாம், 0 முதல் 10 வை. முதல் கதைக்கே 5 போட்டுவிட்டு, நான்காவது கதை அதைவிட நியாயமாகத் தெரிந்தால் போக இடம் இருக்காது. தொடக்கத்தில் கணக்கில் சேராத ஒரு பழகுகதை கொடு. வரிசையை ஆளுக்கு ஆள் குலுக்கு.

மார்ச் 9

தங்கச்சி திருத்தின வடிவத்தை அனுப்பியிருக்கிறாள். 8 சூழல், 8 நிலை, பாலினம் ஆளுக்கு ஆள், 192 பேர், பழகுகதை ஒன்று, பெயர் இல்லை, கதைகள் ஒலிப்பதிவில். பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். 12-ஆம் தேதி சுதந்திர தின விடுமுறை கழிந்து நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. எட்டுக் கதைக்கும் ஒரே எண் போட்டவர்களை நீக்குவேன் என்று எழுதியிருக்கிறாள். சிலர் படிக்காமல் 5, 5, 5 என்று போடுவார்கள், உண்மை. ஆனால் 'மேனேஜர் எப்படிப் பேசினாலும் அது நியாயமில்லை' என்று நிஜமாகவே நினைத்து எட்டுக்கும் 0 போடுபவரும் இருப்பார், பழைய யூனியன்காரர்களில் எனக்குத் தெரிந்தே உண்டு. கேட்ட நேரத்தைப் பார். ஒலிப்பதிவு முடியுமுன்பே எண்ணை அழுத்தியிருந்தால் ஒதுக்கு. முழுக்கக் கேட்டுவிட்டு 0 போட்டவரை வை. இந்த விதியை இப்போதே, தரவு வருமுன் எழுதிப் பதிந்துவிடு. சேர்த்து ஒரு தடவை, நீக்கி ஒரு தடவை, இரண்டு முடிவையும் அட்டவணையில் போடு.